லீக் பாஸ்: ஃபைனல்ஸ் சண்டைக்குக் காசு கொடுத்து வாங்கலாமா?

லீக் பாஸ் என்பது அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யின் ஆட்டங்களை இணையத்தில் பார்க்கிற சந்தா. அதைப் பற்றி இங்கே ஆட்கள் யோசிக்கத் தொடங்குவது ஏப்ரலில் பிளேஓஃப் என்ற நொக்அவுட் சுற்றுகள் வரும்போதுதான். சிலர் ஜூனில், ஏழு ஆட்டம் வரை போகக்கூடிய இறுதித் தொடரான ஃபைனல்ஸுக்கு முதல்நாள் இரவு வரை இழுத்தடிப்பார்கள். அதனால் இந்த மதிப்பீடு ஒக்டோபரிலிருந்து தினமும் பார்ப்பவர்களுக்கு அல்ல. ஃபைனல்ஸைப் பார்த்துவிட்டு, பின்னேரம் கோட் ஓரத்தில் நின்று "அது பவுலா இல்லையா", "இன்டியானாவின் ஹாலிபர்ட்டன் காயப்பட்டு விழாமல் இருந்திருந்தால்" என்று தொண்டை கட்டும்வரை சண்டை பிடிப்பவர்களுக்கு. மட்டக்களப்புக்கு இந்தச் சண்டை புதிதும் இல்லை. லூசியானாவிலிருந்து வந்த ஹேபியர் அடிகளார் புனித மிக்கேல் கல்லூரிப் பொடியன்களைப் பழக்கிய காலத்திலிருந்தே இந்த ஊருக்கு அமெரிக்கக் கூடைப்பந்து பக்கத்து வீட்டுக் கதை. அவர் 1990 ஓகஸ்டில் காணாமற்போனார். அவர் போட்ட பழக்கம் இன்னும் போகவில்லை.

முதலில் நேரம். சந்தாவின் பெறுமதியைத் தீர்மானிப்பது விலையைவிட இதுதான். ஜூனில் அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் நமக்கும் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம். அங்கே இரவு 8.30 என்றால் நமக்கு மறுநாள் காலை 6.00. அங்கே ஞாயிறு இரவு 8.00 ஆட்டம் நமக்குத் திங்கள் காலை 5.30. அறிவித்த நேரத்துக்கே பந்து மேலே போகாது. அறிமுகம், தேசிய கீதம் எல்லாம் முடியப் பத்து நிமிடம் கழியும். ஆட்டம் ஏறத்தாழ இரண்டரை மணித்தியாலம். 6.00 மணி ஆட்டத்தில் இடைவேளை 7.15 அளவில், முடிவு 8.40 தாண்டி. பள்ளிக்கூடம் 7.30க்கு என்பதால் மாணவருக்கு முதற்பாதி மட்டும், அதையும் சப்பாத்துப் போட்டபடி. 8.30க்குக் கந்தோரில் கையெழுத்து வைக்கிறவருக்குக் கடைசிக் குவாட்டர் முழுக்கப் போய்விடும். திங்கள் 5.30 ஆட்டம் மட்டும் 8.15க்குள் முடியும், வேலைத்தலம் டவுனுக்குள் இருந்தால் முழுசாகப் பார்த்துவிட்டு ஓடலாம்.

2025 ஃபைனல்ஸை எடுத்துப் பாருங்கள். ஏழு ஆட்டங்களும் நம் நாட்காட்டியில் ஜூன் 6 வெள்ளி, 9 திங்கள், 12 வியாழன், 14 சனி, 17 செவ்வாய், 20 வெள்ளி, 23 திங்கள் காலைகளில் வந்தன. ஏழில் விடுமுறை நாளில் விழுந்தது நாலாவது ஆட்டம் ஒன்றுதான். ஆக, நேரலை என்று சொல்லி விற்கிற பொருளை நாம் பெரும்பாலும் மறுஒளிபரப்பாகவே பாவிக்கப் போகிறோம். லீக் பாஸை எடைபோட வேண்டியதும் அதை வைத்துத்தான்.

மறுஒளிபரப்புக்கு அது நல்லது. ஆட்டம் முழுசாக இருக்கும். முன்னும் பின்னும் தள்ளலாம். முடிவை மறைத்து வைக்கிற வசதி ஆப்பின் அமைப்புகளுக்குள் உண்டு. ஆனால் அந்த மறைப்பை மட்டும் நம்பிவிடக்கூடாது. ஸ்கோரை மறைத்தாலும் போனுக்கு வரும் அறிவித்தல் வேறு வழியால் வரும். ஆப்பின் அறிவித்தல்களைப் போனின் அமைப்புக்குள் போய்த் தனியாக நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகும் வட்ஸ்அப் குழு இருக்கிறது. அதைப் பின்னேரம் வரை மியூட் செய்தாலும் யாரோ ஸ்டேட்டஸில் கோப்பையைப் போட்டுவிடுவார்கள். தொடரில் ஒரு பொறியும் உண்டு: மறுஒளிபரப்புப் பட்டியலில் ஆறாவது ஆட்டத்துக்குத் திகதி விழுந்திருப்பதைப் பார்த்தாலே ஐந்தாவதோடு தொடர் முடியவில்லை என்று விளங்கிவிடும். அன்றன்றைய ஆட்டத்தை அன்றன்றே பார்ப்பதுதான் ஒரே மருந்து.

நேரலையாகப் பார்க்கிறவர் ஒன்றைத் தெரிந்திருக்க வேண்டும். இணைய ஒளிபரப்பு மைதானத்தில் நடப்பதற்குப் பின்னால்தான் ஓடும். அரை நிமிடம், சிலவேளை அதற்கும் மேல். ஸ்கோர் எண்கள் அதைவிட வேகமாக வரும். ஒரு கையில் போனில் ஸ்கோர், எதிரே டிவியில் ஆட்டம் என்று இருந்தால், பந்து கையை விட்டுப் போகமுதல் முடிவு தெரிந்துவிடும். இரண்டு வீட்டில் இரண்டு பேர் பார்த்தாலும் இதே கதைதான். பைபரில் இருப்பவரும் போன் சிக்னலில் இருப்பவரும் ஒரே நொடியில் இருக்க மாட்டார்கள்.

டேட்டா கணக்கு சுலபம். ஒரு மெகாபிட் வேகத்தில் ஒரு மணித்தியாலம் ஓடினால் 0.45 ஜிபி. இரண்டரை மணித்தியால ஆட்டம் 3 மெகாபிட்டில் 3.4 ஜிபி, 5 மெகாபிட்டில் 5.6 ஜிபி, 8 மெகாபிட்டில் 9 ஜிபி. ஏழு ஆட்டமும் 5 மெகாபிட்டில் போனால் 39 ஜிபிக்குக் கொஞ்சம் மேல். போன் திரைக்கு 3 மெகாபிட் தாராளம். 43 அங்குல டிவியில் அந்த வேகத்தில் பார்த்தால் வேகத்தாக்குதலில் பந்து கரைந்து போகும், ஜேர்சி இலக்கம் வாசிக்க முடியாது; அங்கே 5க்குக் கீழே இறங்க வேண்டாம். தரத்தை ஆப்பே தானாகத் தீர்மானிக்க விட்டால் அது இணைப்பின் வேகத்துக்கு ஏறும், கோட்டாவைப் பற்றிக் கவலைப்படாது. போன் டேட்டாவில் பார்ப்பவர் தரத்தைக் கையால் குறைத்து வைக்க வேண்டும்.

இரவுக் கோட்டா உள்ள பக்கேஜ் வைத்திருப்பவர், அந்த இரவு எத்தனை மணிக்கு முடிகிறது என்று பார்க்கட்டும். 7 மணிக்கு முடிவதென்றால் 6.00 மணி ஆட்டத்தின் முதற்பாதி இரவுக் கணக்கில், இரண்டாம் பாதி பகல் கணக்கில். மறுஒளிபரப்பைத்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால் அன்றிரவு 12க்குப் பிறகு பார்ப்பது டேட்டாவுக்கு லாபம், நித்திரைக்கு நட்டம்.

மின்சாரம் போனால் டிவி போவது பெரிய விடயமில்லை, போனில் தொடரலாம். ரவுட்டர் போவதுதான் பிரச்சினை. கச்சான் காற்று பலமாக அடிக்கிற மாதம் வேறு. பைபர் பெட்டிகள் பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுபவை. 12 வோல்ட் வெளியீடு உள்ள சின்ன யூபிஎஸ் ஒன்று போதும், ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் 8800 எம்ஏஎச் என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த எண் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் பற்றரிக்கு. பெருக்கினால் ஏறத்தாழ 32 வாட் மணி, மாற்றும்போது இழப்புப் போகக் கைக்கு வருவது 27, 28. பத்து வாட் இழுக்கும் ரவுட்டருக்கு அது இரண்டரை மணித்தியாலம், சரியாக ஓர் ஆட்டம். மேலதிக நேரம் போனால் கடவுள் விட்ட வழி. வாங்கமுதல் ரவுட்டர் அடப்டரின் பின்புறத்தில் வோல்ட், அம்பியர், பின்னின் பருமன் மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிழையான வோல்ட்டைக் குத்தினால் ரவுட்டரே போய்விடும்.

இனிப் பொருளுக்கு வருவோம். லீக் பாஸ் விளம்பரத்தில் முன்னுக்கு நிற்கிற பல வசதிகள் ஃபைனல்ஸில் வேலை செய்வதற்கு இடமே இல்லை. ஒரே திரையில் பல ஆட்டம் பார்க்கலாம் என்பார்கள். ஃபைனல்ஸ் இரவில் இருப்பதே ஒரு ஆட்டம். வீட்டு அணியின் வர்ணனை, வெளியணியின் வர்ணனை என்று தெரிவு செய்யலாம் என்பார்கள். அணிகளின் சொந்தத் தொலைக்காட்சி வர்ணனையாளர்கள் ஃபைனல்ஸுக்கு வரமாட்டார்கள். அங்கே தேசிய ஒளிபரப்பு ஒன்றுதான். இது சின்னக் குறை இல்லை. சீசனில் லீக் பாஸின் ருசியே அந்தப் பக்கச்சார்பான வர்ணனைதான். நம் அணிக்கு எதிரான ஒவ்வொரு விசிலுக்கும் அழுகிற ஒரு மனுசன் இருந்தால்தான் ஆட்டம் களைகட்டும். ஃபைனல்ஸில் எல்லாரும் நாகரிகமாகிவிடுகிறார்கள்.

பிரீமியம் தரத்துக்கு மேலதிகமாகக் கொடுப்பதில் கிடைப்பது முக்கியமாக மூன்று: ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கருவி, விளம்பரத்துக்குப் பதிலாக அரங்கக் காட்சி, தரவிறக்கிப் பார்ப்பது. ஃபைனல்ஸுக்கு மட்டும் எடுப்பவருக்கு முதலிரண்டும் தேவையில்லை. டைம்அவுட் நேரத்தில் அரங்கக் காட்சியில் வருவது கோச் போடும் திட்டம் அல்ல, ரசிகருக்கு டீசேர்ட் எறிகிற ஆட்டம்தான். தரவிறக்கம் மட்டும் யோசிக்க வேண்டியது. கந்தோரிலோ கடையிலோ நல்ல வைபை இருந்து, வீட்டில் சிக்னல் இழுபறிப்படுகிற இடமென்றால், படுவான்கரைப் பக்கம், அம்பாறையின் உட்கிராமங்கள் போல, அதற்காக மேலதிகம் கொடுக்கலாம். அண்ணன் தம்பி காசு போட்டு ஒன்றாக எடுக்கிற வீட்டுக்கும் பிரீமியம் சரிவரும். கழகத்தில் புரொஜெக்டர் போட்டு ஊருக்குக் காட்டுவதற்கு எந்தத் தரமும் அனுமதி தராது. சந்தா தனிப்பட்ட பாவனைக்குத்தான்.

பத்து நிமிடச் சுருக்கம் என்ற ஒன்று உண்டு. காலையில் ஆட்டத்தைத் தவறவிட்டவர் பின்னேரம் இதைப் பார்த்துவிட்டுத்தான் வாதத்துக்கு வருகிறார். அவர்களோடு கதைத்துப் பிரயோசனமில்லை. ஏன் என்று கணக்குப் பாருங்கள். ஒரு ஆட்டத்தில் இரு அணியும் சேர்த்து எண்பது கூடை போட்டால், 600 நொடியை எண்பதால் பிரிக்க ஒன்றுக்கு ஏழரை நொடி. பந்து கையை விட்டுப் போவதும் வலைக்குள் விழுவதும் மட்டுமே தெரியும். காவலரை மறித்து யார் ஸ்கிரீன் வைத்தார், எந்தக் காவலர் ஏன் மாறினார், பந்து எங்கே பறிபோனது, எதுவும் இராது. அதோடு யூடியூபில் என்.பி.ஏ.யின் சொந்தப் பக்கத்திலேயே இதே அளவு நீளத் தொகுப்பு இலவசமாக இருக்கிறது. சுருக்கத்துக்காகக் காசு கொடுப்பது வீண்.

2025இன் முதலாவது ஆட்டம் இதற்கு நல்ல உதாரணம். 0.3 நொடி இருக்கும்போது ஹாலிபர்ட்டன் போட்ட கூடையில் இன்டியானா பேசர்ஸ் 111-110 என்று வென்றது. அன்று முழுதும் அவர்கள் முன்னிலையில் இருந்ததே அந்த 0.3 நொடிதான். சுருக்கத்தைப் பார்த்தவர் "அதிர்ஷ்டம்" என்பார். முழுசாகப் பார்த்தவரிடம் வேறு கேள்விகள் இருக்கும். 25 தடவை பந்தைப் பறிகொடுத்த அணி எப்படி ஆட்டத்துக்குள்ளேயே நின்றது? நாலாவது குவாட்டரில் 15 புள்ளி முன்னுக்கு இருந்த எதிரணி ஒக்லஹோமா சிட்டி ஏன் இறுகியது? பெரிய ஆளான ஹார்ட்டன்ஸ்டைனை வெளியில் இருத்தி கேசன் வொலசோடு தொடங்கிய கோச் டெக்னோல்டின் கணக்குச் சரியா? நாலாவது ஆட்டத்தில் அவரே ஹார்ட்டன்ஸ்டைனைத் திரும்பத் தொடக்க ஐவருக்குள் கொண்டுவந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் வாதம் வாதமாகும். கடைசி மூச்சில் இன்டியானாவின் கோச் கார்லைல் டைம்அவுட் கேட்காமல் விட்டது, ஒக்லஹோமா தன் காவலை ஒழுங்குபடுத்த நேரம் கொடுக்காமல் செய்தது. இதெல்லாம் முழு ஆட்டத்தில்தான் இருக்கிறது. லீக் பாஸுக்குக் கொடுக்கிற காசும் இதற்குத்தான்.

ஏழாவது ஆட்டம் இன்னும் பெரிய சண்டை. முதற்குவாட்டரிலேயே ஹாலிபர்ட்டனின் வலது குதிநாண் அறுந்தது. ஒக்லஹோமா 103-91 என்று கோப்பையை எடுத்தது. "அவர் விழுந்த அந்த நிமிடமே தொடர் முடிந்துவிட்டது" என்று ஒரு பக்கம் அடித்துச் சொல்லும். ஆனால் அவர் இல்லாமலே இடைவேளையில் இன்டியானா 48-47 என்று முன்னுக்கு நின்றது. ஆட்டம் போனது மூன்றாவது குவாட்டரில், 34-20. அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை மட்டும் திரும்ப ஓடவிட்டு, பந்தைக் கொண்டுபோக ஆளில்லாமல் பேசர்ஸ் எங்கே திணறினார்கள் என்று பார்த்தால் இரண்டு பக்கத்திலும் பாதி உண்மை இருப்பது தெரியும். மறுஒளிபரப்பில் வீண் நேரத்தைத் தள்ளிக்கொண்டு போனால் ஒரு குவாட்டருக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம். 5 மெகாபிட்டில் 1 ஜிபிக்கும் குறைவு.

இவ்வளவும் சொன்னபின் ஒரு சங்கடமான உண்மை. வாதத்தை வெல்ல வைக்கிற கருவிகள் சந்தாவுக்குள் இல்லை, வெளியே இலவசமாக இருக்கின்றன. என்.பி.ஏ. இணையத்தளத்தில் ஒவ்வொரு ஆட்டத்தின் புள்ளிவிபர அட்டவணையான பொக்ஸ் ஸ்கோரிலும் எண்ணைத் தட்டினால் அந்த எண்ணுக்குரிய காட்சித் துண்டுகள் வரும். ஒருவர் பந்தைப் பறிகொடுத்த டேர்ன்ஓவர் ஐந்து என்றால் ஐந்தையும் வரிசையாகப் பார்க்கலாம். "அவன் பந்தைப் பிடிக்கவே மாட்டான்" என்கிறவர் முன்னால் அதை நீட்டுங்கள். பவுல் சண்டைக்கு, கடைசி இரண்டு நிமிட அறிக்கை. கடைசி இரண்டு நிமிடத்தில் எப்போதாவது வித்தியாசம் மூன்று புள்ளிக்குள் வந்த ஆட்டங்களுக்கு, அந்த நேரத்து விசில்களையும் விசில் அடிக்காமல் விட்டவற்றையும் சரி, பிழை என்று லீக்கே மறுநாள் வெளியிடும். 2015இல் தொடங்கிய பழக்கம். அறிக்கை பிழை என்று சொன்னாலும் முடிவு மாறாது, வாயை மூட வைக்க மட்டும் உதவும். 12 புள்ளியில் முடிந்த ஏழாவது ஆட்டம் போன்றவைக்கு அறிக்கை வராது. அதைத் தேடி அலைய வேண்டாம். ஒருவர் களத்தில் நின்ற நேரத்தில் அணிக்கு வந்த புள்ளி வித்தியாசத்தைக் காட்டும் பிளஸ்-மைனஸ் எண்ணை மட்டும் கவனமாகக் கையாளுங்கள். ஒரு ஆட்டத்து எண் கூட நின்ற நாலு பேரையும் சேர்த்துச் சொல்வது, அந்த ஆளை மட்டும் அல்ல.

இங்கே நடக்கும் சண்டையில் பாதி, நாம் விளையாடிப் பழகிய பிபா (FIBA, சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனம்) விதிகளால் வருவது. வளையத்தில் பட்டு மேலே நிற்கும் பந்தைத் தட்டிவிட்டால் நமக்கு அது சரியான காவல், என்.பி.ஏ.யில் வளையத்துக்கு மேலேயுள்ள உருளைக்குள் பந்து இருக்கும்வரை தொட்டால் பிழை. காவலர் ஒருவர் எதிராளி யாரையும் நெருங்கிக் காக்காமல் வளையத்துக்குக் கீழேயுள்ள பெயிண்டுக்குள் மூன்று நொடி நின்றால் அங்கே விசில், இங்கே கிடையாது. வெளியேற அங்கே ஆறு பவுல், நமக்கு ஐந்து. மூன்று புள்ளிக் கோடு நமக்கு உச்சியில் 6.75 மீற்றர், மூலையில் 6.60; அங்கே உச்சியில் 7.24, மூலையில் 6.70. மூலை உச்சியைவிட அரை மீற்றருக்கு மேல் கிட்ட என்பதால்தான் அங்கே எல்லா அணியும் மூலைக்கு ஆளை அனுப்புகிறது. "கோச் ஏன் சலஞ்ச் பண்ணவில்லை" என்பதும் அடிக்கடி வருவது: நடுவரின் தீர்ப்பை மீளப் பார்க்கக் கேட்கும் சலஞ்சுக்கு டைம்அவுட் ஒன்று கையில் இருக்க வேண்டும், தோற்றால் அது போய்விடும், முதலாவது வென்றால் மட்டுமே இரண்டாவது கிடைக்கும். வர்ணனையாளர்கள் இதையெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டே ஆங்கிலத்தில் வேகமாகப் போவார்கள்.

ஃபைனல்ஸின் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருது வாக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாக்களிப்பது 11 ஊடகவியலாளர்கள். 2015இல் வென்ற கோல்டன் ஸ்டேட்டின் இகுடாலாவுக்கு 7, தோற்ற கிளீவ்லாந்தின் லெப்ரோனுக்கு 4. தோற்ற அணியிலிருந்து எடுத்தவர் 1969இன் ஜெரி வெஸ்ட் ஒருவரே. இந்த இரண்டையும் மனதில் வைத்திருந்தால் பாதிச் சண்டைக்குப் போதும்.

வாங்குகிற விதம். சீசன் சந்தா வேண்டாம், மாதச் சந்தா. 2025 தொடர் ஏழு ஆட்டம் போயும் முதல்நாளையும் கடைசிநாளையும் சேர்த்து 18 நாள்தான். முதலாவது ஆட்டத்துக்கு ஒரு வாரம் முந்தி எடுத்தால் ஃபைனல்ஸுக்கு முந்திய சுற்றான கொன்பரன்ஸ் இறுதியின் மறுஒளிபரப்புகளையும் பார்த்துவிடலாம். கட்டண விபரம் நாட்டுக்கு நாடு மாறுவதால் பணம் கட்டும் பக்கத்தில் இலங்கை என்று காட்டுகிறதா, ஃபைனல்ஸ் சேர்ந்திருக்கிறதா என்று இரண்டையும் வாசியுங்கள். அமெரிக்காவுக்குள் விற்கிற சந்தாவில் தேசியத் தொலைக்காட்சிக்குப் போகும் ஆட்டங்கள் நேரலையாக வராது. அங்கேயுள்ள மாமா தன் கணக்கைத் தருகிறேன் என்றால் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

டெபிட் காட் என்றால் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்க வேண்டும். பல வங்கிகளில் அதை நாமே கேட்டுத் திறக்க வேண்டும். இதை ஆட்டம் தொடங்கும் காலை 5.50க்குக் கண்டுபிடித்தால் வங்கி திறக்க மூன்று மணித்தியாலம் இருக்கிறது. டொலரில் கழிவதால் வங்கியின் மாற்று வீதமும் அதன் கட்டணமும் மேலே ஏறும். டிவிக்கு, அண்ட்ரொய்ட் டிவி என்றால் ஆப்பையே போடலாம். டிவியின் பிரவுசரில் திறப்பது திக்கித் திணறும், அதைவிட மடிக்கணினியிலிருந்து எச்டிஎம்ஐ வயர் இழுப்பது மேல்.

நிறுத்துவதுதான் பலர் கோட்டை விடும் இடம். சந்தா தானாகப் புதுப்பிக்கும். ஆப்பை அழிப்பதால் சந்தா நிற்காது. எதன் வழியாக வாங்கினீர்களோ அங்கேயே நிறுத்த வேண்டும்: போனின் பிளே ஸ்டோர் வழியாக வாங்கியிருந்தால் அங்கே, இணையத்தளத்தில் காட் போட்டிருந்தால் அங்கே. வாங்கிய அன்றே புதுப்பித்தலை நிறுத்திவிடலாம். கட்டிய மாதம் முடியும்வரை பார்க்க முடிகிறதா என்று உறுதிப்படுத்தும் திரை வரும், அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். ஜூலையில் பார்ப்பதற்கு அங்கே புதிய ஆட்டக்காரரைப் பரீட்சிக்கும் சம்மர் லீக் மட்டும்தான்.